திரும்ப எடுக்க முடியாத கையெழுத்தைக் கடைசியில் போடுங்கள்

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 44. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். 16 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறார், ஜூரோங்கில் ஒரு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. மனைவி ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியர். நால்வருமே அங்கே நிரந்தரவாசிகள் (பிஆர்), நால்வரிடமும் இந்தியப் பாஸ்போர்ட். மகனுக்கு 14 வயது, உயர்நிலை 2. மகள் தொடக்கநிலை 4. ஈசூனில் மறுவிற்பனையில் வாங்கிய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு அப்பா இறந்துவிட்டார். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். சிங்கப்பூருக்கு அழைத்தால், ‘மாட்டை யார் பாக்குறது’ என்று கேட்கிறாராம்.

"தினமும் இரவு எட்டரைக்கு வீடியோவில் கூப்பிடுவேன். அங்கே அப்போது ஆறு மணி. அம்மாவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது. நெற்றியும் டியூப்லைட்டும்தான் தெரியும். போன மாதம் பேசிக்கொண்டிருக்கும்போது நெற்றியில் ஒரு பிளாஸ்திரியைப் பார்த்தேன். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். பக்கத்து வீட்டுச் சித்திதான் சொன்னார், கிணற்றடியில் விழுந்துவிட்டாராம்" என்று எழுதுகிறார்.

அதிலிருந்து ஊருக்குத் திரும்பிவிடுவதென்று முடிவு. திட்டம் இதுதான்: மகனுக்குத் தேசிய சேவைக்கான, அதாவது கட்டாயப் படைச் சேவைக்கான, அழைப்பு வருவதற்கு முன் கிளம்பிவிட வேண்டும். ஈசூன் வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் ஊரில் குடும்பம் நடத்த வேண்டும். அப்பாவின் நிலத்தோடு, விலைக்கு வரும் பக்கத்து வயல் இரண்டு ஏக்கரையும் இப்போதே மச்சான் பெயருக்குப் பவர் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கில் இருக்கும் வைப்புத் தொகையின் வட்டிக்கு முதிர்வு வரை வரி இல்லை. நிரந்தரவாசி வெளிநாடு போய்த் திரும்பத் தேவையான மறுநுழைவு அனுமதி தானாகக் காலாவதியாகட்டும், அதோடு தேசிய சேவையும் போய்விடும். ‘இதில் சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா?’ என்பதுதான் அவருடைய கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

கிணற்றடியில் அம்மா விழுந்ததைப் படித்த பிறகு மீதி மூன்று பக்கத்தைச் சட்டப் புத்தகம் போலப் படிக்க முடியவில்லை. அந்த பிளாஸ்திரிதான் உங்களை எழுத வைத்திருக்கிறது. போக வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தில் தவறே இல்லை. ஆனால் திட்டத்தில் நீங்கள் சிக்கல் இல்லையென்று நினைத்த ஐந்து இடங்களிலும் சிக்கல் இருக்கிறது. ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். நான்கு பக்கத்தில் உங்கள் மனைவி மூன்று இடத்தில்தான் வருகிறார். பாலர் பள்ளியில் வேலை செய்கிறார் என்று ஒரு தடவை, சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியில் அவர் பங்கு எவ்வளவு என்று ஒரு தடவை, ‘அவளும் சரி என்றுதான் சொல்கிறாள்’ என்று கடைசிப் பக்கத்தில் ஒரு தடவை. மகனைப் பற்றி எழுதும்போது, ‘அவனிடம் இன்னும் சொல்லவில்லை’ என்கிறீர்கள். தஞ்சாவூரில் என் மேசைக்கு எதிரே இப்படித் திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய உட்கார்ந்திருக்கின்றன. பணத்தில் தவறு செய்தவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் மீண்டுவிட்டார்கள். வீட்டில் பேசாமல் வந்தவர்கள்தான் ஐந்து வருடம் கழித்தும் என்னிடம் வருகிறார்கள், வேறு வகை வழக்கோடு. அதனால்தான் சட்டத்துக்கு முன்னால் இதை வைக்கிறேன்.

மகனின் தேசிய சேவை

இதில்தான் உங்கள் கடிதம் மிகவும் ஆபத்தான இடத்தில் நிற்கிறது.

நீங்கள் வேலைத் தகுதியில் நிரந்தரவாசி ஆனவர். முதல் தலைமுறை என்பதால் உங்களுக்குத் தேசிய சேவை இல்லை. உங்கள் ஆதரவில் நிரந்தரவாசியான மகனுக்கு அது கட்டாயம். பதினாறரை வயதில் பதிவு, 18 வயதில் சேர்க்கை, இரண்டு ஆண்டு முழுநேரப் பணி, அதன் பிறகு போர்க்காலப் படையில் ஆண்டுதோறும் வரும் பயிற்சிகள். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாமல் போனது இடைப்பட்ட காலத்தின் விதி. பையனுக்கு 13 வயது ஆன நாளிலிருந்தே, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க எக்ஸிட் பர்மிட் என்னும் வெளியேறும் அனுமதி வேண்டும். தங்கும் காலத்தைப் பொறுத்துப் பிணைத்தொகையும் கேட்கலாம். அது சிறிய தொகையாக இருக்காது. அவன் நிரந்தரவாசியாக இருக்கும்போதே எக்ஸிட் பர்மிட் இல்லாமல் மன்னார்குடியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தால், பதிவுக்கான நாளில் வராமலும் இருந்தால், சேர்க்கைச் சட்டத்தின்படி அது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுநுழைவு அனுமதி காலாவதியாகி நிரந்தரவாசத் தகுதி போய்விட்டால் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிறீர்கள். அப்படி ஆகாது. அதற்கு முன்பு நடந்த மீறல் அப்படியே நிற்கும், பத்து வருடம் கழித்து அவன் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போதும். தானாகக் காலாவதியாக விடுவது என்ற வழியை இன்றே மறந்துவிடுங்கள்.

முறைப்படி அவனுடைய நிரந்தரவாசத் தகுதியைத் துறப்பது வேறு. அது சட்டப்படி திறந்திருக்கும் கதவுதான். ஆனால் விலை உண்டு. தேசிய சேவை செய்யாமல் துறந்தவர் பின்னாளில் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ மறுபடி நிரந்தரவாசி ஆகவோ விண்ணப்பித்தால், அது அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படும். இதை அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் செய்யும் குடிநுழைவு விண்ணப்பங்களையும் அது பாதிக்கலாம். ‘பையனை மட்டும் துறக்க வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பிஆரைப் பிடித்து வைத்துக்கொள்கிறோம்’ என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்தப் பையன் ஈசூனில் வளர்ந்தவன். அவனுடைய கூட்டாளிகள் அங்கே இருக்கிறார்கள். 22 வயதில் ஒரு பட்டம் வாங்கிய பிறகு அவன் மனசு முதலில் தேடும் ஊர் சிங்கப்பூராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது அவன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், காரணம் அவனுக்கு 14 வயதாக இருந்தபோது அப்பா போட்ட ஒரு கையெழுத்தாக இருக்கும். அது அவனிடம் கேட்காமலே போட்ட கையெழுத்தாக இருக்கக் கூடாது. நீங்கள் தேசிய சேவையைத் ‘தொல்லை’ என்று எழுதுகிறீர்கள். அவனும் அப்படித்தான் நினைக்கிறானா? இரண்டு வருடம் சேவை செய்துவிட்டு அங்கேயே வாழலாம் என்று அவன் நினைக்கக்கூடும். வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு. அவன் தகுதியைத் துறக்காமல், எக்ஸிட் பர்மிட்டும் தேவைப்பட்டால் பிணையும் கொடுத்து, பிளஸ் டூ வரை இங்கே படிக்க வைத்து, 18-இல் சேவைக்கு அனுப்புவது. செலவும் கவலையும் அதிகம். அவன் மறுநுழைவு அனுமதி அதுவரை செல்லுபடியாக இருக்க வேண்டும், குடும்பம் முழுவதும் வெளியேறிய பின் அதைப் புதுப்பிப்பது எளிதில்லை. ஆனாலும் மேசையில் வைத்துப் பேச வேண்டிய வழி. எந்த வழியானாலும் முதலில் தேசிய சேவையைக் கவனிக்கும் மத்திய மனிதவளத் தளத்துக்கு உங்கள் நிலையை முழுதாக எழுதி, எழுத்துப்பூர்வமான பதிலை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் அண்ணன் சொன்னார், கோயிலில் பார்த்தவர் சொன்னார் என்பதெல்லாம் இதற்கு உதவாது.

ஈசூன் வீடும் சேம நிதியும்

வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விடும் உரிமை நிரந்தரவாசிகளுக்குக் கிடையாது. ஐந்து ஆண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்த குடிமக்களுக்குத்தான் அந்த உரிமை. நீங்கள் ஆறு ஆண்டு இருந்துவிட்டதால் கிடைத்துவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது விற்கும் உரிமை மட்டும்தான். அறையை வாடகைக்கு விடலாம், ஆனால் நீங்கள் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு, ‘நாங்களும் இங்கேதான் இருக்கிறோம்’ என்று காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள், வீடே கையைவிட்டுப் போகும். நிரந்தரவாசத் தகுதியைத் துறந்துவிட்டால் வீட்டை வைத்திருக்கவும் முடியாது. ஆக, ஊர்ச் செலவுக்கு ஈசூன் வாடகை என்ற வரியை உங்கள் நோட்டிலிருந்து அடித்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். திட்டம் நிற்கிறதா என்று அப்போது தெரியும்.

சேம நிதியைப் பற்றி உங்கள் புரிதல் பெரும்பாலும் சரி. சிங்கப்பூரைவிட்டு நிரந்தரமாக வெளியேறி, நிரந்தரவாசத் தகுதியையும் துறந்தவர், மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கு உட்பட முழுத் தொகையையும் 55 வயது வரை காத்திருக்காமல் எடுத்துக்கொள்ளலாம். துறக்காமல் வெறுமனே ஊருக்கு வந்துவிட்டால் எடுக்க முடியாது. வீட்டை விற்கும்போது, அதற்காகச் சேம நிதியிலிருந்து எடுத்த தொகை, சேர்ந்த வட்டியோடு மறுபடி உங்கள் சேம நிதிக் கணக்குக்கே போகும். பலர் விற்பனை விலையிலிருந்து வீட்டுக் கடனைக் கழித்துவிட்டு மீதி அத்தனையும் ரொக்கமாகக் கைக்கு வரும் என்று நினைத்து, ஊரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தவிக்கிறார்கள். உங்கள் கைக்கு வரும் ரொக்கம் குறைவாகவும் பிறகு சேம நிதி வழியாக வருவது அதிகமாகவும் இருக்கும்.

வேலையை விடும்போது ஒரு மாதம் முன்னதாகவே உங்கள் நிறுவனம் வருமான வரி ஆணையத்துக்கு ஐஆர்21 படிவம் கொடுக்க வேண்டும். வரித் தீர்வு வரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள். அந்த ஒரு மாதத்துக்கான வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஊரில் நிலம்

பக்கத்து வயலைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் தூக்கத்தைக் கெடுத்தது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்கக் கூடாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உள்ள தடை இது. பவர் கொடுத்து மச்சானை விட்டுக் கையெழுத்துப் போட வைத்தாலும் வாங்குபவர் நீங்கள்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிடும். அதனால்தான் எல்லோரும் இது சரியென்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு வரும் தண்டம், போட்ட பணத்தின் மூன்று மடங்கு வரை போகலாம். பணத்தை மச்சானுக்குக் கொடுத்து அவர் பெயரிலேயே வாங்குவது இன்னும் மோசம். அது பினாமிச் சட்டத்தில் போய் முட்டும், வயலும் உறவும் சேர்ந்து போகும்.

நீங்கள் நிரந்தரமாகத் திரும்பி வந்து இங்கே வசிப்பவர் ஆன பிறகு அதே வயலைத் தாராளமாக வாங்கலாம். நிலத்துக்காரர் அதுவரை பொறுக்கமாட்டார் என்றால் அந்த வயல் உங்களுக்கு இல்லை என்று விட்டுவிடுங்கள். காவிரிப் படுகையில் வேறு வயல் விலைக்கு வரும்.

அப்பாவின் நிலம் வாரிசாக வருவதால் அதற்குத் தடை இல்லை. ஆனால் அது ‘உங்கள்’ நிலம் இல்லை. அப்பா உயில் எழுதவில்லை, எல்லாம் அவர் சம்பாதித்தது என்கிறீர்கள். அப்படியானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், உங்கள் தங்கை மூன்று பேருக்கும் சம பங்கு. தங்கை ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்ணே’ என்று போனில் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அவர் மனசார சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. அந்தச் சொல் விடுதலைப் பத்திரமாகப் பதிவாகாத வரை அவர் பங்கு அவர் பங்குதான். பழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்கு முன், இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, பட்டாவை மூவர் பெயருக்கும் மாற்றிவிட்டு, பிறகு தங்கையையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசுங்கள். வேண்டாம் என்றாலும் அவருக்கு ஏதாவது செய்துவிட்டே எழுதி வாங்குங்கள். இது சட்டம் கேட்பதில்லை, நான் கேட்பது.

வங்கிக் கணக்கும் வரியும்

இங்கே இரண்டு தனிச் சட்டங்கள், இரண்டு தனிக் கணக்குகள். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, இனி இங்கேதான் இருப்பது என்று நீங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்தே இந்தியாவில் வசிப்பவர். வங்கிக்குத் தெரிவித்து என்ஆர்இ கணக்கையும், இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்கு இருந்தால் அதையும் உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். என்ஆர்இ வட்டிக்கு வரிவிலக்கு, நீங்கள் அந்தச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டில் வசிக்கும்வரைதான். வைப்பு முதிர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. வெளிநாட்டுப் பணமாகவே வைத்திருக்க விரும்பினால் ஆர்எஃப்சி கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வருமான வரிச் சட்டம் சற்று இரக்கமானது. பல ஆண்டு கழித்துத் திரும்புகிறவருக்கு அது ஒரு இடைநிலை தருகிறது: வசிப்பவர்தான், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்லர். ஆர்என்ஓஆர் என்பார்கள். முந்தைய பத்து நிதியாண்டில் ஒன்பதில் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு நிதியாண்டில் இந்தியாவில் இருந்தது 729 நாட்களைத் தாண்டாமல் இருந்தாலோ இந்த நிலை கிடைக்கும். வருடத்துக்கு மூன்று நான்கு வாரம் மட்டுமே ஊருக்கு வந்த உங்களுக்கு இரண்டு நிதியாண்டு நிச்சயம், வந்து சேரும் மாதத்தைப் பொறுத்து மூன்றும் ஆகலாம். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் கிடைக்கும் வட்டி போன்ற வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. சேம நிதியை எடுப்பது, அங்குள்ள முதலீட்டை விற்பது எல்லாவற்றையும் இந்த இடைவெளிக்குள் முடியுங்கள். பணம் முதலில் உங்கள் சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் இறங்கட்டும், அங்கிருந்து இங்கே வரட்டும். நேராக மன்னார்குடிக் கிளைக்கு அனுப்பச் சொல்லி வாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

அங்கே சம்பாதித்துச் சேர்த்த கணக்கையும் முதலீட்டையும் திரும்பி வந்த பிறகும் அங்கேயே வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. மூடிவிட வேண்டும் என்று உங்களை யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். ஆனால் இடைநிலைக் காலம் முடிந்து முழு வசிப்பவர் ஆன ஆண்டிலிருந்து, வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துகளை அதற்கான அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும். மறந்தால், 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் தண்டம் விதிக்க இடம் இருக்கிறது. நல்ல ஆடிட்டர் ஒருவரைக் கிளம்புவதற்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

இன்னொன்று. நிரந்தரவாசத் தகுதி போனதும் மெடிஷீல்டு லைஃப் என்ற அந்த நாட்டு மருத்துவக் காப்பீட்டுப் பாதுகாப்பும் போய்விடும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் மருத்துவக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். பாலிசியை இப்போதே எடுத்துவிட்டால் அந்தக் காலம் அங்கே இருக்கும்போதே ஓட ஆரம்பித்துவிடும்.

பிள்ளைகளின் படிப்பு

மகள் சிங்கப்பூரில் பிறந்ததால் அவளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை என்றைக்கும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால்தான் அங்கே பிறப்பால் குடியுரிமை. அவள் இந்தியக் குடிமகள். பிறந்தபோது இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்த சான்றிதழைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், இங்கே பல இடத்தில் கேட்பார்கள். அவள் வயதில் பள்ளி மாறுவது பெரிய பாடாக இருக்காது.

மகனுக்குத்தான் நேரம் நெருக்குகிறது. சிபிஎஸ்இ-யில் ஒன்பதாம் வகுப்பிலேயே போர்டில் பதிவு செய்துவிடுவார்கள். நேரடியாகப் பத்தாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே, உயர்நிலை 2 முடித்து ஒன்பதில் சேர்க்கலாம், அல்லது உயர்நிலை 4 இறுதித் தேர்வு எழுதி முடித்து, பத்தாம் வகுப்புக்கு இணைச் சான்று வாங்கிப் பிளஸ் ஒன்னில் சேர்க்கலாம். படிப்புக்கு இரண்டாவது நல்ல வழி. ஆனால் அதற்குள் அவனுக்குப் பதினாறரை ஆகிவிடும், தேசிய சேவைப் பதிவு வந்து நிற்கும். பள்ளிக் கணக்கும் படைக் கணக்கும் ஒரே வருடத்தில் வந்து மோதும் என்பதைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை.

ஒரு நல்ல செய்தி: அவன் தொடக்கநிலையிலிருந்து தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்திருக்கிறான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயம் என்பதால் மற்ற நாடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் தடுமாறும் இடத்தில் அவன் தடுமாற மாட்டான். பேச்சில் வரும் ‘லா’வை வகுப்பில் இரண்டு மாதம் கிண்டல் செய்வார்கள், அவ்வளவுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

வேலையை விடுவது, வீட்டை விற்பது, தகுதியைத் துறப்பது மூன்றையும் ஒரே வருடத்தில், ஒரே வீச்சில் செய்ய நினைக்கிறீர்கள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். வீடு போனால், நிரந்தரவாசியாக இருக்கும்வரை வேறு வீடு வாங்கலாம். நிரந்தரவாசத் தகுதியைத் துறந்தால் திரும்பக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தக் கையெழுத்து எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டும். மகன் விஷயத்தில் அதையும் ஒரு கட்டத்துக்கு மேல் தள்ளிப்போட முடியாது என்பதால், அவனுடைய முடிவை மட்டும் உங்கள் முடிவிலிருந்து பிரித்து, முதலில் யோசிக்க வேண்டும்.

வரும் நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறையில் நால்வரும் ஊருக்குப் போங்கள். விருந்தாளியாகப் போகாதீர்கள். அந்த வீட்டில் ஆறு வாரம் குடித்தனம் நடத்துங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம், வாய்க்கால் நிரம்பியிருக்கும், கொசு இருக்கும், கரண்ட் போகும். உங்கள் மனைவி காலையில் அந்த அடுப்படியில் நின்று பார்க்கட்டும். மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ இரண்டு மூன்று பள்ளிகளில் அவருக்கு வேலை கேட்டுப் பார்க்கட்டும். பையன் ஒன்பதாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். நீங்கள் வயலில் இறங்கி, ஆள் கூலி, உரம், அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் விசாரித்து, மூன்று ஏக்கர் நெல்லில் ஒரு குடும்பம் நடக்குமா என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். நடக்காது என்பது என் எண்ணம். உங்கள் கை எழுத்தில் பார்த்தால்தான் நீங்கள் நம்புவீர்கள்.

அதன் பிறகும் போவதென்றால், ஒரே குடும்பமாகவே போக வேண்டும் என்பதில்லை. நீங்கள் மட்டும் முதலில் வந்து அம்மாவோடு ஒரு வருடம் இருக்கலாம்; மனைவி வேலையில் தொடர, பிள்ளைகள் அங்கேயே படிக்கலாம். அம்மாவுக்கு நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பித்து, அறுவடை முடிந்த மாதங்களில் மட்டும் ஈசூனில் வைத்துக்கொள்ளலாம். மாட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது, அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

அம்மா இதற்கெல்லாம் காத்திருக்க முடியாது என்பது தெரியும். கிணற்றடிக்கு இந்த வாரமே ஒரு கொத்தனாரை அனுப்பி, வழுக்கும் கல்லைக் கொத்திவிட்டு, பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி பதிக்கச் சொல்லுங்கள். தண்ணீரைக் குழாய் போட்டு அடுப்படிக்கே கொண்டுவாருங்கள். பக்கத்து வீட்டுச் சித்தியிடம், காலையிலும் மாலையிலும் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லி, அதற்கு மாதம் ஒரு தொகையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். சும்மா செய்யச் சொல்லாதீர்கள். இரவில் கூட யாராவது படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். போனை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கி அனுப்புங்கள், அம்மாவின் முகம் முழுதாகத் தெரியட்டும்.

இதை வீட்டில் எல்லோரும் படித்த பிறகு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் ஒரு பக்கத்தை உங்கள் மனைவி தன் கையாலேயே எழுதட்டும். பையன் என்ன சொன்னான் என்பதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். மீதியை அதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.